ஓலை வாசித்த மூன்று ஞாயிறுகள்

ஜுபைல், சவூதி
20-12-1980

அன்புள்ள மேரிக்கு,

நான் நலம். நீயும் உன் அப்பாவும் நலமா? எங்கள் கொரியா கம்பெனியில் பிப்ரவரி 13 மொழித் தேர்வு. தேறினால் மொழிபெயர்ப்பாளர் வேலை, ஈஸ்டருக்கு லீவு, நம் கல்யாணம். ஆனால் பாஷையா இது! குளிர் என்கிற சொல்லுக்குக்கூட வினைச்சொல் மாதிரி வால் மாறுகிறது. ‘சுப்தா’ என்பது ‘சுவோயோ’ ஆகிவிடும். உடுத்துவதற்கு ‘இப்தா’, அது ஒழுங்காக ‘இபோயோ’ என்றே போகும். எது மாறும், எது மாறாது என்று நெட்டுருப் போட வேண்டியதுதான். உன் கடிதம் வந்தால் நாலு நாள் புத்தகத்தில் கண் போகாது, போ!

உன் லூர்துராஜ்

மண்ணூர்
5-1-1981

அன்புள்ள மாமாவுக்கு,

‘சுவோயோ’ என்று சொல்லிப் பார்த்தேன். கோழியெல்லாம் வேலி தாண்டி ஓடிவிட்டது.

சிரித்தது போதும். மறைமலை நகரிலிருந்து செல்வநாதன் வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். "மூணு வருசமா இதே பாட்டு. இன்னும் எத்தினி நாளு குந்திகினு இருக்கிறது?" என்கிறார் அப்பா. அழுது தீர்த்தேன். கடைசியில் இறங்கி வந்தார். நீங்கள் கைப்படச் சம்மதம் எழுதிப் பங்குச் சாமியாருக்கு அனுப்பினால், பிப்ரவரி எட்டாம் தேதி முதல் மூன்று ஞாயிறு கோயிலில் நம் பேருக்குக் கல்யாண ஓலை வாசித்து ஊரறிய அறிவிப்பார்கள். அது வராவிட்டால் அதே ஞாயிறு என் பேரோடு செல்வநாதன் பேர். இரண்டு வரி போதும் மாமா.

உங்கள் சகாயமேரி

ஜுபைல்
13-2-1981

மேரி,

தேர்வு எழுதிவிட்டு வந்து இப்போதுதான் உன் கடிதத்தைப் பிரித்தேன். நாலு வாரமாகத் தலையணைக்கடியில் இருந்தது. படித்தால் மனசு ஊருக்கு ஓடிவிடும், முடிந்ததும் ஆசையாகப் பிரிக்கலாம் என்று வைத்திருந்தேன், பாவி. மாறுகிற சொற்களையெல்லாம் அதன் வெளிப்பக்கத்து வெள்ளை இடத்தில்தான் எழுதிப் படித்தேன். ஒட்டுப் பிரிக்காத கடிதத்தின் மேல்!

சம்மதச் சீட்டு இதோடு இருக்கிறது. சாமியாரிடம் ஓடிப்போய்க் கொடு. உன் அப்பா காலில் விழுகிறேன் என்று சொல்.

லூர்துராஜ்

மண்ணூர்
28-2-1981

லூர்துராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. தபால்காரர் சைக்கிளைத் திருப்புவதற்குள் பிரித்துவிட்டேன். எப்போதும் அப்படித்தான்.

சம்மதச் சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன். திங்கட்கிழமை கல்யாணம். இனி எழுத வேண்டாம். தேறியிருப்பீர்கள், சந்தோஷம்.

ஓலை வாசித்துவிட்டு, "தடை சொல்றவங்க இருந்தா சொல்லலாம்" என்று சாமியார் கொஞ்ச நேரம் நிறுத்தினார். மூன்று ஞாயிறும் நான் கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சகாயமேரி