பெட்டி வண்டியும் பிலோமி போனும்

ஜூன் 9, திங்கள்

கச்சான் காற்று. காலையில் துடைத்த ஆம்புலன்ஸ், மத்தியானத்துக்குள் துறைமுகத்துக் கரித்தூள் படிந்து சாம்பல் நிறம். மறுபடி துடைப்பு. அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்.

உறுப்பு கொண்டுபோகும் வண்டிக்கு இனித் தனி அனுமதி வேண்டுமாம். இன்ஸ்பெக்டர் சின்ன வயசு. மீசை வரலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. அவர் சொன்னது, மறக்காமல் இருக்க:

– உறுப்புப் பெட்டி உள்ளே இருந்தால்தான் சைரன். காலி வண்டிக்குக் கூடாது.
– வழியில் நிறுத்தக் கூடாது. பெட்டியோடு வரும் டாக்டர் தவிர யாரும் ஏறக் கூடாது.
– வண்டி எங்கே, என்ன வேகம், எல்லாம் கண்ட்ரோல் ரூமில் தெரியும்.
– கண்ணாடியில் மாதா படம் கூடாது. பார்வையை மறைக்குமாம்.

மாதா டாக்டர் கணக்கில் ஏறலாமா சார் என்று கேட்டேன். சிரிக்கவில்லை. கையெழுத்து போட்டார்.

அனுமதி கிடைத்தாச்சு. இதற்கு ஏன் இத்தனை அலைச்சல் என்று ஆம்புலன்ஸ் ஷெட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். என் பெண்டாட்டி பிலோமிக்கு மட்டும் தெரியும். அவளுக்குக் கிட்னி இரண்டும் போச்சு. மாற்றுக் கிட்னிக்கு அரசாங்கப் பட்டியலில் பேர் பதிந்து காத்திருக்கிறாள். அவளுக்கு வரும் பெட்டியை நான் ஓட்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஜூன் 11, புதன்

டயாலிசிஸ். ஊசி குத்தும்போது பிலோமி என் வயிற்றைக் கிள்ளுவது வழக்கம். இன்று நர்ஸம்மாவிடம், நீங்களும் கிள்ளுங்கள், வயிறு வேண்டிய மட்டும் இருக்கிறது என்றேன். நர்ஸம்மா ஓடிவிட்டார்.

பெட்டி யாருக்கு என்று டிரைவருக்குச் சொல்ல மாட்டார்களாம். அப்படியென்றால் எல்லாப் பெட்டியும் உனக்குத்தான் என்று நினைத்தே ஓட்டுவேன் என்றேன்.

"எனக்கு எத்தன கிட்னி வைக்கப் போறிய? நான் என்ன மீன் கூடையா?"

பக்கத்துக் கட்டில்காரர் மிஷினோடு குலுங்கிச் சிரித்தார்.

திரும்பி வந்தோம். வீட்டு வாசலில்தான் சொன்னாள்.

"ஜெபத்துல என்னன்னு கேக்க? கிட்னி தாங்கன்னு கேட்டா, ஒரு ஆள எடுத்துக்கோங்கன்னு கேக்க மாதிரில்லா இருக்கு."

பூட்டைத் திறந்தேன்.

அவளுக்குத் தண்ணீர் அளந்துதான். ஒரு முழுச் செம்பை அவள் அண்ணாந்து குடிப்பதைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. தொண்டை ஏறி இறங்கும். பாதி, ரவிக்கையில் வழியும்.

ஜூன் 14, சனி

முதல் பெட்டி. இங்கிருந்து திருநெல்வேலிக்கு. காலையிலேயே என்னை வரச் சொல்லிவிட்டார்கள். பெட்டி யாருக்கோ அவருக்கு ஆஸ்பத்திரியில் இருந்து போன் வரும்; பிலோமிக்கு வரவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது, வேறு யாருக்கோ. போய்ட்டு வாங்க என்றாள், நெற்றியில் சிலுவை போட்டு.

கொடுத்தது யாரோ ஒரு வாலிபர், பைக்கில் இருந்து விழுந்தவர். அவர் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில். அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை.

பெட்டி ஏறியது. சைரன். வழி முழுக்கப் போலீஸ் நிறுத்திக் கொடுத்தார்கள். எங்கள் தெரு முனையில் சிலுவை நட்ட குருசடி. இந்தக் கரையில் வண்டி ஓட்டுகிற எவனும் சிலுவையைக் கண்டால் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து, நெஞ்சில் கை வைப்பான். என் காலும் தானாக எழும்பியது. சிலுவைக்குப் பக்கத்தில் பிலோமி நின்றாள், நைட்டியில் துண்டைப் போர்த்திக்கொண்டு. கால் உடனே இறங்கவில்லை.

டாக்டர் போனில் கண்ட்ரோல் ரூம். ஏன் வேகம் குறைந்தது என்று.

பெட்டி பழுதில்லாமல் போய்ச் சேர்ந்தது. திரும்பும்போது சைரன் இல்லை. டீக்கடையில் நிறுத்தினேன். குடிக்கத் தோன்றவில்லை.

ஜூன் 16, திங்கள்

ஆர்.டி.ஓ. ஆபீஸில் விளக்கம். மாடு வந்தது என்று சொல்லச் சொல்லி ஷெட்டில் யோசனை. சொல்லவில்லை. குருசடி, பிலோமி, பட்டியல், எல்லாம் சொன்னேன். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார். யாருக்கோ போன் போட்டார். வெகுநேரம்.

முடிவு: அனுமதி ரத்து இல்லை. ஆனால் பிலோமிக்குச் சேரக்கூடிய இரத்த வகைப் பெட்டி என்றால் இனி நான் ஓட்டக் கூடாது. ஊரில் அனுமதி உள்ள இன்னொரு வண்டி முத்துராஜுடையது, அவன்தான்.

"ஒங்களுக்கே கை நடுங்கும் அண்ணாச்சி," என்றார். தன்மையாகத்தான் சொன்னார்.

பிலோமியிடம் சொன்னேன். வெங்காயத்தை வைத்துவிட்டு யோசித்தாள். பிறகு ஒரே சிரிப்பு.

"அப்போ முத்துராஜக் கூப்ட்டு ஒங்களக் கூப்புடலன்னா, அது எனக்கா இருக்கலாம்."

இது எனக்குத் தோன்றவேயில்லை. நேற்று வரை என்னைக் கூப்பிட வேண்டும் என்று கிடந்தேன். இனிக் கூப்பிடக் கூடாது என்று கிடக்க வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

காற்று அப்படியேதான். ஷெட்டில் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தேன். முத்துராஜுக்குப் போன். சாவியை எடுத்தான்.

"ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுதாவ அண்ணாச்சி. ஒங்களக் கூப்புடலையா?"

இல்லை என்றேன். அவன் முகம் மாறிப்போச்சு. வண்டியை எடுத்தான்.

வீட்டுக்கு ஓட்டம். எனக்கு முன்னால் தொப்பை.

உள்ளே நுழையவும் பிலோமி போன் அடித்தது. அவள் அக்காள். முத்துராஜ் பெண்டாட்டி சொன்னாளாம், உனக்கா ஏளா என்று கேட்டாள். வைத்தவுடன் கொழுந்தன். அப்புறம் கெபித் தெரு சித்தி, அழுகையோடு. தாங்கள் கூப்பிடும்போது லைன் கிடைக்காவிட்டால் கிட்னி அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். பிலோமி சித்தியை வைது போனை வைத்தாள். என் போனில் நான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, யாரும் அடிக்காதீர்கள் என்று கெஞ்சினேன்.

இப்போது யாரும் அடிக்கவில்லை. போன் கட்டில் நடுவில். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான் எழுதிக்கொண்டு. ஃபேனை நிறுத்திவிட்டாள், சத்தம் கேட்காமல் போய்விடும் என்று.

என் போனை வாங்கினாள். தன் போனுக்கு ஒரு தடவை அடித்துப் பார்த்தாள். அடித்தது. உடனே வைத்துவிட்டாள்.