கிரேக்க அடிமையும் நம் மல்லிகைத் தோட்டமும்

என் செல்லச் சண்டைக்காரி அக்காவுக்கு,

ஆத்தூர்த் தோட்டத்தில் இந்த வருஷம் மல்லிகை நன்றாக மொட்டு வைத்திருக்கிறது. நாளை உன் மகள் கயலுக்குக் கல்யாணம், பூவெல்லாம் நம்முடையதுதான். உனக்குத் தெரியாத செய்தி ஒன்றும் உண்டு. நீ கண்ணை மூடிய பிறகு என் வீட்டுக்காரரும் போய்விட்டார். நானும் இப்போது உன்னைப் போலப் புருஷனை இழந்தவள்தான்.

தபால் வழியில் தத்துவம் படித்தோமே, நினைவிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை மதுரை வகுப்புக்குத் திண்டுக்கல்லில் பஸ் ஏறியதும் புத்தகத்தைப் பிரித்துவிடுவாய். கிரேக்கப் பாடம் வந்தால் சந்தோஷத்தில் உனக்குத் தலைகால் புரியாது. அடிமையாகப் பிறந்து ஞானியான ஒருவரை உனக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. உடம்பு, சொத்து, ஊர்ப்பேச்சு எதுவும் நம் கையில் இல்லை. எண்ணமும் முடிவும்தான் நம்முடையவை, அவற்றைப் பறிகொடுக்காதவரே சுதந்திரமானவர் என்று நீ விளக்க, முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பயணங்களுக்காக இப்போதும் ஏங்குகிறேன்.

விடிகாலையில் கூடை கூடையாகப் பூ எடுப்பாய். ஒன்றைக்கூடத் தலையில் வைக்க மாட்டாய். புருஷனை இழந்தவள் வைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கேட்டும்விட்டேன்.

"இதுதான் உன் சுதந்திரமாக்கா?"

"ஏடி, ஊரு சொல்லுதுன்னா நான் வைக்கல? எனக்கு வேணாம், அம்புட்டுத்தான்."

"வேணும்னா வைக்க விடுவாகளா?"

நீ கூடையோடு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாய். கிடைக்காததை வேண்டாம் என்று சொல்லப் பழகுவதும் விடுதலைதானா, அக்கா?

நேற்று நம் பெரிய அத்தை என்னிடம் வந்தார்.

"பொண்ண மணவறைக்குச் சுமங்கலி யாராச்சும் கூட்டிட்டுப் போகட்டும். நீ செத்த ஒதுங்கி இரு தாயி."

கயல் முந்திக்கொண்டாள்.

"சித்தி கூட்டிட்டுப் போகலைன்னா நான் மணவறைக்கே வரல."

அத்தை முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பெண்ணுக்கு அப்படியே உன் பிடிவாதம்.

பூ வைப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் இதைச் சத்தியமாகச் சொல்கிறேன்: நாளை உன் மகளின் கையைப் பிடித்து, அத்தனை பேர் முன்னாலும் நானே அழைத்துப் போவேன். கால் நடுங்கத்தான் செய்யும். உடம்பு நம் கையில் இல்லை என்று உன் கிரேக்க ஆள்தானே சொன்னார்? நடுங்கட்டும். நான் நடப்பேன்.

உன் தங்கச்சி,
வசந்தா