பாறைக்களத்தில் டிக் டிக்

செஞ்சி
10-2-1966

சிரஞ்சீவி அஜிததாஸுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. ஜினபகவான் புண்ணியத்தில் நானும் உன் நைனாவும் சௌக்கியமாக இருக்கிறோம், பம்பாயில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அணு ஆபீஸில் சட்டையில் குத்திக்கொள்ளும் பிலிம் பட்டையை இந்த மாதமும் கழுவிப் பார்த்ததில் கதிர் கிதிர் ஒன்றும் படவில்லை என்று எழுதியிருந்தாய், அதைப் படித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

சிங்கவரத்து ஆதிநாதன் தன் மகள் நீலாஞ்சனாவை உனக்குத் தருவதாகச் சொல்லிவிட்டுப் பின்வாங்கினாரே, காரணம் இப்போதுதான் வெளியே வந்தது. அணு ஆபீஸில் வேலை செய்கிறவனுக்கு முடி கொட்டிவிடும், குழந்தை பிறக்காது, இருட்டில் உடம்பு மினுக்கும் என்று பஸ்ஸில் யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அதோடு, அணுவ ஒடைக்கிறாங்களாமே அதுல உயிர் இருந்தா பாவமாச்சே என்று வேறு கேட்டார். அணுவுக்கு உயிர் கெடையாதுன்னு நம்ம சாஸ்திரமே சொல்லுதே என்று நைனா ஒருவழியாகச் சமாதானம் செய்தார். முடிக்கு அத்தாட்சியாக உன் போட்டோவை நானே எடுத்துப்போய்க் காட்டினேன், பட்டை விஷயத்தையும் விளக்கினேன். போட்டோ பழசா இருக்கும் என்று சொல்லிவிட்டார். வந்த கோபத்தில் அவர் வீட்டு மோரைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

போன வாரம் கல்லை ஆராய்கிற சர்க்கார் ஆட்கள் ஜீப்பில் வந்தார்கள். நீ வேலை செய்கிற இடத்துக் கதிர் மாதிரி கல்லிலும் கொஞ்சம் இருக்குமாம், இருந்தால் அவர்கள் பெட்டி டிக் டிக் என்று அடிக்குமாம். ஆதிநாதன் மல்லாட்டை (வந்தவர்கள் அதை வேர்க்கடலை என்றார்கள்) காயவைக்கும் பாறைக்களத்தில் பெட்டியை வைத்ததும் பொரி பொரிகிற மாதிரி அடித்ததாம். அந்தப் பாறைமேல் உட்கார்ந்திருந்த மனுஷர் தேள் கொட்டினவர் போல எழுந்து ஓடினாராம். எல்லாக் கருங்கல்லிலும் இருப்பதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று அவர்கள் சொல்லியும் அன்று முழுக்கக் களத்தில் கால் வைக்கவில்லையாம். கடைசியில் நீலாஞ்சனாதான், நான் பொறந்ததுலேர்ந்து இந்தப் பாறை மேலதான மல்லாட்ட ஒடைக்கிறேன் எனக்கு இன்னா ஆச்சி, பட்டை குத்திக்கினு ஜாக்கிரதையா இருக்கிறவருக்கு மட்டும் இன்னா ஆயிடும் என்று கேட்டிருக்கிறாள். மறுநாளே அவர் மல்லாட்டை மூட்டையோடு நம் வாசலில் நின்று, வைகாசியில் வைத்துக்கொள்ளலாமா என்றார். இந்தத் தடவை மோர் நான் கொடுத்தேன், குடித்தார்.

அந்த மல்லாட்டையில் கொஞ்சம் வறுத்து அனுப்புகிறேன், டிக் டிக் என்று அடிக்காது, தைரியமாகத் தின்னு. வேலை வேலை என்று சாக்குச் சொல்லாமல் நம் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடு. பட்டையில் என்ன வந்தது என்று மாதாமாதம் தனக்கு எழுதவேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியனுப்பியிருக்கிறாள், மறக்காதே. இத்தனை நாள் நைனாவுக்குத் தெரியாமல் நான் ஒருத்தியே பயந்துகொண்டிருந்தேன், இனி துணைக்கு ஒருத்தி வந்துவிட்டாள். ஆனாலும் அவளுக்கு எழுதுகிற அன்றைக்கே எனக்கும் ஒரு கார்டு போட்டுவிடு, அவள் சொல்லி நான் தெரிந்துகொள்ளும்படி வைக்காதே.

தீர்க்காயுசாக, நிறைந்த தலைமுடியோடு இரு.

உன் அம்மா
தர்மவதி