தொட்டுப் பார்த்துவிட்டு எழுது

அன்புள்ள குட்டிமாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கத்தான் ஆசை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உன் அண்ணன் வேலை பார்த்த கப்பல் தீப்பிடித்த மறுநாளே பேப்பரில் முதல் பக்கத்தில் படம் வந்தது. மீட்புப் படகில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதே வழுக்கை, அதே சிரிப்பு. அத்தை அந்தப் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். தெருவே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது.

அடுத்த நாள் அதே பேப்பரில், ஒரு மூலையில், விரல் அகலத்துக்கு வருத்தம் தெரிவித்திருந்தார்கள். கம்பெனி வெளியிட்ட குரூப் போட்டோவை வைத்து யாரோ ஏஐயில் செய்த படமாம். சரிபார்க்காமல் போட்டுவிட்டார்களாம். கிடைத்தவரை மறுபடி தொலைத்தேன், குட்டிமா.

இப்போது டிவியில் உங்கள் ஊர் ஆஸ்பத்திரி என்று ஒரு படம். கப்பலிலிருந்து கொண்டுவந்த ஆளாம், பெயர் தெரியவில்லையாம். பாதி முகத்தில் கட்டு. கண் அவருடையது போலத்தான் இருக்கிறது. "ஆஃப் பண்ணும்மா, இன்னொரு தடவ என்னால முடியாது" என்று அத்தை கத்திவிட்டார்.

நீ நேரில் போ. போட்டோ அனுப்பாதே. போனும் வேண்டாம், குரலையும் செய்கிறார்களாம். இடது காதுக்குப் பின்னால் தையல் போட்ட தழும்பு இருக்கும். கையால் தொட்டுப் பார். இதைக் கொண்டுவரும் லாரிக்காரர் எதிர்வீடுதான், மாலையே திரும்புகிறார். பதிலை அவரிடம் கொடு. உன் கோழிக் கிறுக்கலை எந்த மெஷினாலும் எழுத முடியாது.

இல்லையென்றால் இல்லை என்றே எழுது. ஆறுதலுக்காக எதையும் சொல்லாதே.

உன் அண்ணி

*

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன்தான். தழும்பைத் தொட்டேன். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது.

இன்று காலையில்தான் அவருக்கு நினைவு வந்ததாம். என்னைப் பார்த்ததும், "அவ ரொம்ப பயந்துட்டாளா?" என்றார். டிவி படத்தைக்கூட நீங்கள் நம்பவில்லை என்றேன். "கெட்டிக்காரி" என்று சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்துவிட்டது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நீங்கள் வந்ததும் சொல்கிறேன். போனை எடுத்தேன், நீங்கள் நம்ப மாட்டீர்களே என்று வைத்துவிட்டேன். இந்த ஒரு மாலைப்பொழுது வீணாகிறதே என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது.

அம்மாவிடம் எதையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். லாரியை வாசலிலேயே நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேரும் உடுத்திய துணியோடு ஏறிவிடுங்கள், அண்ணி. தூங்குங்கள் என்று நர்ஸ் எவ்வளவோ சொல்லியும், அவர் கண்ணை மூடாமல் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் குட்டிமா