நிற்காதே என்கிறது உன் வாட்ச்

உன் வாட்ச் இன்றைக்கும் என்னைத் திட்டியது. கம்பெனி லைனில் நின்று பெயின்ட் அடித்த பேனல்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். காலையில் நின்றவள் இன்னும் உட்காரவில்லை. மணிக்கட்டில் கிர்ரென்று அதிர்ந்து, நகரு என்கிறது. ஓடுகிறவர்களுக்காகச் செய்த வாட்ச் இல்லையா. ஓடாவிட்டால் சும்மா இருக்கிறோம் என்று அதற்கு நினைப்பு. ஷிப்டு முழுக்க நின்றே வேலை செய்கிற பெண்களைப் பற்றி யாரும் அதற்குச் சொல்லவில்லை. நீ இருந்தால் பதில் சொல்லியிருப்பாய். "இன்னாமே, நா சும்மா கீறனா? நீ வந்து நில்லு, நா உன் மேல குந்திக்கறேன்."

லைனுக்குள் போகும்போது வளையல், மோதிரம் எல்லாம் கழற்ற வேண்டும். பேனலில் கீறல் விழக் கூடாது. தாலிச் செயினுக்கு மட்டும் மேலே டேப் ஒட்டிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை. உன் வாட்ச்சைக் கழற்றச் சொன்னார் சூப்பர்வைசர். நீ டேப்பை வாங்கி வாட்ச் மேலேயே சுற்றிக்கொண்டு நின்றாய். "தாலிக்கு ஒட்டிக்கலாம், இதுக்கு ஒட்டிக்கக் கூடாதா சார்?" தாலியைக் கழற்றிவைத்துவிட்டு அம்மா வீட்டுக்கு வந்தவள் நீ என்பது அவருக்கும் தெரியும். அடுத்தவளின் வளையலைப் பார்க்கப் போய்விட்டார். இப்போது நானும் அப்படித்தான் டேப் சுற்றிக்கொண்டு உள்ளே போகிறேன்.

அதை நீ வாங்கிய நாள் நினைவிருக்கிறது. புதுசு நமக்குக் கட்டுப்படியாகாது. யாரோ போட்டுக் கழித்ததைச் சரிபார்த்துத் திரும்ப விற்பார்களே, அதில் ஒன்று. கண்ணாடி ஓரத்தில் ஒரு கீறல். பட்டையில் ஒரு துளை மட்டும் இழுபட்டுப் பெரிதாக இருந்தது, முன்னால் போட்டவருக்குத் தடிமனான கை போல. உன் கைக்கு எந்தத் துளையும் பொருந்தாமல், ஊசியைக் காய்ச்சிப் புதிதாக ஒன்று போட்டாய். ரப்பர் கருகிய நாற்றம் வீடெல்லாம். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "யாரு போட்டதோ இன்னாவோ. செத்தவன்துகூட இருக்கும்" என்றாள். நீ ஊசியை ஊதிக்கொண்டே சொன்னாய்: "இருந்துட்டுப் போட்டும்க்கா. அவன் உட்ட எடத்துலேர்ந்து நா ஓடறேன்."

ஓடுவதற்கு வாங்கியது என்று பேர். சோறு வடிக்க அதில்தான் டைமர் வைத்தாய். தண்ணி லாரி வரும் நேரத்துக்கு அதில்தான் அலாரம். டபுள் ஷிப்டு முடிந்து வந்தால் அது நன்றாக ஓய்வெடுக்கச் சொல்லும். "இத அப்டியே சூப்பர்வைசராண்ட காட்டிடட்டா?" என்று கேட்டு நீயே சிரிப்பாய்.

ஆனால் ஓடவும் ஓடினாய். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூவோடு ஏரிக்கரையில். முனையில் இரும்பு வைத்த ஷூ. அதைப் போட்டுக்கொண்டு எந்தப் பைத்தியமாவது ஓடுமா? "இத்தோட ஓடிப் பழகிட்டா, கழட்டனா பறக்கலாம்மே" என்றாய். உன்னை நம்பி நானும் போட்டுக்கொண்டு வந்து, கட்டைவிரல் நகம் கறுத்துப்போய் நொண்டியது இன்னும் மறக்கவில்லை. மாடு ஓட்டிப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டாய்.

நீ போன பிறகு தெரு என்ன பேசியது தெரியுமா? "பொம்பளைக்கு இன்னாத்துக்கு ஓட்டம்? ஓடிக்கினே கெடந்தா, அதான் போய்ட்டா." எனக்கு வந்த ஆத்திரம் இன்றும் அடங்கவில்லை. நீ ஓடும்போது சாகவில்லையடி. நின்றுகொண்டிருந்தபோதுதான் செத்தாய். தேர்வாய் கண்டிகைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸுக்காக, ஹைவேயின் வெள்ளைக் கோட்டை ஒட்டி, டிபன் பாக்ஸோடு, தினமும் நாமெல்லாரும் நிற்கிற இடத்தில் நின்றாய். கன்டெய்னர் லாரி வந்து ஏறியது. உன் பக்கத்தில் நான் நின்றிருந்தேன்.

பதினாறாம் நாள் உன் பாய், துணி எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் போட எடுத்தார்கள். வாட்ச் மேலேயே கிடந்தது. எனக்கு வேண்டும் என்றேன். உன் தம்பி, "செத்தவ சாமான்க்கா, வாணாம்" என்றான். உன் அம்மாதான் எடுத்துத் துடைத்து என் கையில் கட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்தால் என் புருஷன், "அத்தக் கழட்டி எறி. அவ கதிதான் உனுக்கும் வேணுமா?" என்றார். "அவ கதி எதால வந்துச்சுன்னு நா பாத்தேன். நீ பாத்தியா?" என்று கேட்டேன்.

திரும்ப வேலைக்குப் போன முதல் நாள். அதே இடம்தான். கம்பத்தில் உனக்குப் போட்ட மாலை காய்ந்து தொங்குகிறது, அதன் கீழேயே எல்லாரும் நிற்கிறார்கள். சர்வீஸ் ரோட்டுக்குள் வந்து திரும்ப நேரமாகிறதாம், அதனால் பஸ் ஹைவேயில்தான் நிற்குமாம். அப்போது உன் வாட்ச் அதிர்ந்தது. நகரு.

நகர்ந்தேன். சர்வீஸ் ரோட்டில் டீக்கடைக் கூரைக்குக் கீழே போய் நின்றேன்.

"இன்னாமே, பஸ்ஸு இங்கதான வரும்?" என்று கத்தினார்கள்.

"வரட்டும். நா அங்க நிக்க மாட்டேன்."

கொஞ்ச நேரம் பார்த்தார்கள். ஒருத்தி வந்தாள். அப்புறம் இரண்டு மூன்று பேர். பஸ் வந்து ஹாரன் அடித்தபோது மாலைக்குக் கீழே ஒருவரும் இல்லை. டிரைவர் இறங்கி வந்தார். "வண்டிய உள்ள உட்டுத் திருப்பறது பேஜாரும்மா."

"எங்க பேஜாரு கம்பத்துல தொங்குது. போய்ப் பாரு."

அவர் காலி வண்டியோடு போய்விட்டார். அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் சம்பளம் போனது. வேலையும் போய்விடுமோ என்று பயந்தோம், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். கடன் இருக்கிறவள் ஒருத்தி அழுதே விட்டாள். ஆனால் யாரும் ஹைவேக்குத் திரும்பிப் போகவில்லை. பேனல் துடைக்க ஆளில்லாமல் லைன் நின்றதாம். மறுநாள் பஸ் சர்வீஸ் ரோட்டுக்குள் வந்து, முன்னும் பின்னும் எடுத்துத் திரும்பி, டீக்கடை வாசலில் நின்றது. ஒன்றும் அத்தனை நேரமாகவில்லை.

உன் துளைக்கும் அந்தத் தடிமன்கைக்காரரின் துளைக்கும் நடுவில் எனக்கென்று ஒன்று போட்டுக்கொண்டேன். அதே ஊசி, அதே நாற்றம். சார்ஜ் முன்னைப்போல நிற்பதில்லை, அடிக்கடி போட வேண்டியிருக்கிறது. போடுகிறேன். லீவு நாளில் விடிந்ததும் அந்தக் கம்பத்தடிக்குப் போய், பட்டனை அழுத்திவிட்டு, அங்கிருந்துதான் ஏரிக்கரைக்கு ஓடுகிறேன். சாதா கேன்வாஸ் ஷூதான், சேஃப்டி ஷூ உன்னோடு போகட்டும். போன வாரம் எதிர்வீட்டு அக்கா வாசல் தெளித்துக்கொண்டே, "செத்தவ வாட்ச்ச கட்டிக்கினு ஓடறியே, பயமா இல்ல?" என்று கேட்டாள்.

"நிக்கறதுக்குத்தாங்க்கா பயம்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.