தறி வேகத்தில் ஒரு சினிமாப் பாட்டு

அம்மா,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று எதையும் கூட்ட மாட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று எதையும் விடவும் மாட்டேன்.

இன்று துணி மடிக்கும்போது உன் வேலைச் சட்டை கையில் கிடைத்தது. தறிக்குப் போகையில் புடவைக்கு மேல் போட்டுக்கொள்வாயே, அப்பாவின் பழைய நீலச் சட்டை, அதுதான். எத்தனை முறை துவைத்தும் தையல் ஓரங்களில் பஞ்சு ஒட்டியிருக்கிறது. மோந்து பார்த்தேன். தறி எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. அந்த வாசனையோடு பாட்டும் வந்துவிட்டது.

ஒரே கூரை, ஒம்பது சத்தம்,
ஒண்ணு நின்னாலும் தூக்கம் வராது.

அந்தப் படத்தைத் தீபாவளிக்கு டிவியில் போட்டபோது மூவரும் சேர்ந்து பார்த்தோம். அண்ணன் தம்பிகள் சொத்துக்காகப் பிரிந்து, கடைசியில் ஒன்றுசேரும் கதை. நடுவில் பேரன் கிடாரோடு மொட்டை மாடிக்கு வந்து இந்தப் பாட்டைப் பாடுவான். குடும்பப் படத்துக்குள் இப்படி ஒரு பாப் பாட்டு எதற்கு என்று அப்பா கேட்டார். நீ சொன்னாய்: "படம் பூரா அழுவறாங்க. இதுல மட்டுந்தான் சிரிக்கறாங்க. உட்டுடுங்க, சிரிச்சுக்கட்டும்." பாட்டு முடிந்ததும் மாவு கரைக்க எழுந்து போய்விட்டாய். முடிவை நீ பார்க்கவே இல்லை.

ஒன்பது சத்தம் எவை எவை என்று பாட்டில் சொல்லவில்லையே என்று நான் குறைப்பட்டேன். "எண்ணி வெச்சுக்கிட்டா பாடுவாங்க? பாட்டுன்னா ஒரு குத்துமதிப்புத்தான், சாமி" என்றாய்.

வீட்டில் நீ பாடியதே இல்லை. தறிப்பட்டறையில்தான் பாடுவாய். பள்ளி விட்டு வந்து, உன் இரண்டு தறிகளுக்கும் நடுவே சாக்கின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். எழுந்து உன் தோளோடு ஒட்டி நின்றால்தான் பாட்டு காதில் விழும். ஏன் இங்கே மட்டும் பாடுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "இந்தச் சத்தத்துல பாடுனா யாருக்குக் கேக்கப் போவுது? அதான் பாடறேன்" என்று சிரித்தாய்.

தறி ஓடுகிற வேகத்துக்குப் பாட்டும் ஓடும். 'ஒண்ணு நின்னாலும்' என்ற இடத்தில் மட்டும் நிறுத்தி, திரும்பி அடுத்த தறியைப் பார்ப்பாய். அதில் ஊடைநூலோடு நாடா இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் 'தூக்கம் வராது' வரும். பாட்டே அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் காய்ச்சல் என்று ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

இந்த வருட ஆண்டு விழாவுக்குப் பாட்டு டீச்சர் அதே பாட்டைத் தேர்ந்தெடுத்தார். நான் கையைத் தூக்கினேன். வரிகள் முழுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னையே தனியாகப் பாடச் சொன்னார். ஆனால் ஸ்பீக்கரில் இசை ட்ராக்கைப் போட்டதும் எனக்குத் திக்கென்றது. அவ்வளவு மெதுவாக இருந்தது. அது முதல் அடியை முடிப்பதற்குள் நான் இரண்டாம் அடிக்குப் போய்விட்டேன். பிறகு 'ஒண்ணு நின்னாலும்' என்று நின்றேன். ட்ராக் என்னைத் தாண்டிப் போனது.

"என்ன அவசரம் உனக்கு? பஸ்ஸு போயிருமா?" என்றார் டீச்சர். "அவசரப்பட்டு ஓடி வந்துட்டு நடுவுல நின்னு வேடிக்கை வேற பாக்கற!"

என்னோடு படிக்கிற கவிதா அன்றே எனக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்துவிட்டாள். திங்கட்கிழமைக்குள் ட்ராக்கோடு சேராவிட்டால் கவிதாவே பாடட்டும் என்று டீச்சர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

வீட்டில் அப்பாவின் போனில் ட்ராக்கைப் போட்டுப் பழகினேன். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வர வர எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. உன் குரலை நாம் எதிலும் பதிவு செய்யவில்லை. நீ பாடிய விதம் என் வாயில் மட்டும்தான் இருக்கிறது. அதன்மேல் இதைப் பழகினால் அது அழிந்துவிடாதா? வேண்டாம், கவிதாவே பாடட்டும் என்று வெள்ளிக்கிழமை ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் போனை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். தறிச் சத்தத்தைப் பதிவு செய்து, அதன்மேல் உன்னைப் போலவே பாடி வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. உன் தறிகளை இப்போது ராசாத்தி அக்காதான் ஓட்டுகிறார்.

"எதுக்குக் கண்ணு இந்த இரைச்சலப் போயிப் புடிக்கற?" என்று என் காதருகே கத்தினார்.

"அம்மா பாடுனது மறந்து போயிருமோன்னு பயமா இருக்குதுங்கக்கா."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எது, அந்த ஒம்பது சத்தமா? அட கிறுக்குப் புள்ள! அத நாங்க தெனமும் பாடறோமே!"

எனக்குப் புரியவில்லை. அவர் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார். "இங்க காதுக்கு என்ன வேல? பேசறதெல்லாம் வாயப் பாத்துத்தான். உங்கொம்மா வாயப் பாத்துப் பாத்தே எங்களுக்குப் பழகிருச்சு."

பிறகு எதிர்வரிசைப் பெண்களைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு வாயசைத்தார். ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு ஒரு குரலும் கேட்கவில்லை. ஆனால் எல்லா உதடுகளும் உன் வேகத்தில் ஓடின. 'ஒண்ணு நின்னாலும்' வந்ததும் அத்தனை தலைகளும் ஒன்றாகத் திரும்பி அடுத்த தறியைப் பார்த்தன.

யாருக்கும் கேட்காது என்றுதானே பாடினாய்? கேட்கத்தான் இல்லை அம்மா. எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

நான் அழுதேன். கண்ணில் பஞ்சு விழுந்துவிட்டது என்று ராசாத்தி அக்காவிடம் சொன்னேன். அது பொய்.

பதிவு செய்யாமலே வீட்டுக்கு வந்தேன். ஞாயிறு முழுவதும் ட்ராக்கோடு பாடினேன். பயம் இல்லாததால் சீக்கிரம் வந்துவிட்டது. திங்கட்கிழமை பாடிக் காட்டியதும், நீயே பாடு என்று டீச்சர் தலையை ஆட்டினார். விழாவில் ஓரிடத்தில் சுருதி இறங்கிவிட்டது. மற்றபடி சரியாகவே பாடினேன். கவிதா தண்ணீர் பாட்டிலை நீட்டி, "எக்ஸ்பிரஸ் இன்னிக்கு எல்லா ஸ்டேஷன்லயும் நின்னுச்சு" என்றாள்.

ராசாத்தி அக்கா ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "நல்லாத்தான் இருந்துது. ஆனா இத்தன மெதுவாப் பாடுனா ஒரு நாளைக்கு எத்தன மீட்டர் துணி ஓட்டறதாம்?"

ட்ராக் பாட்டு உன் பாட்டை அழிக்கவில்லை. இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. ஆனால் எனக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பஸ்ஸில், காலைப் பிரேயரில், ரேஷன் கடை வரிசையில் எல்லோருடைய வாயையும் பார்க்கிறேன். யாருக்கும் கேட்காது என்று நினைத்து எத்தனை பேர் எதையோ பாடிக்கொண்டிருக்கிறார்கள் தெரியுமா? ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்று தோன்றுகிறது.

இதோ, பாய் விரித்துக்கொண்டிருக்கிற அப்பாவின் உதடும் அசைகிறது. என்ன பாட்டு என்று பார்ப்பதற்குள், விடியற்காலை ஷிப்டுக்குப் போக வேண்டும் என்று லைட்டை அணைத்துவிட்டார்.