மரத்தில் விட்டுவைத்த பழங்கள்

வுப்பர்டால், ஜேர்மனி
நவம்பர் 28

அன்புள்ள மகள் சிவசக்திக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று வழக்கமாக நம்பி எழுதுவேன், இந்தமுறை கண்ணால் கண்டுவிட்டு வந்து எழுதுகிறேன். குளிர் தொடங்கியதும் அம்மாவின் முழங்கால் வலி திரும்ப வந்துவிட்டது. எலும்பு வைத்தியரிடம் நாள் குறிக்க டெர்மீன் கேட்டால் பெப்ரவரியில் வரச் சொல்கிறார்கள், அதுவரை முழங்காலும் வரிசையில் நிற்கும் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. வாட்ஸ்அப்பில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். பேசினால் இடையில் நீ ஏதாவது சொல்வாய், நான் கோபிப்பேன், அம்மா போனைப் பறிப்பாள், சொல்ல வந்தது நின்றுவிடும். அங்கிருந்து நான் புறப்பட்ட அன்று பஸ் தரிப்பிடத்தில் நீ என்னைக் கேட்டாய், "அப்பா, நான் இஞ்சையே இருக்கட்டோ? ஓமெண்டோ இல்லையெண்டோ ஒண்டைச் சொல்லிப்போட்டுப் போங்கோ" என்று. நான் பதில் சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டேன். நீ வேலை செய்யும் இடத்துக் குமாகாய் தன் பழத்தோட்டத்தை உனக்குக் குத்தகைக்குத் தர இருக்கிறார் என்பதும், வருட முடிவுக்குள் நீ அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதும், என் சம்மதம் இல்லாமல் நீ சொல்லமாட்டாய் என்பதும் வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மா சொல்லித் தெரியும்.

உண்மையைச் சொல்கிறேன், நான் உன்னைப் பார்க்க வரவில்லை, கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன். ஹனோவரில் நல்ல கம்பனியில் எஞ்சினியராக இருந்தவள் ஒரு வருட விடுமுறை என்று யப்பானுக்குப் போய் மூன்று வருடமாக மலையூர் ஒன்றில் அப்பிள் தோட்டத்தில் நிற்கிறாள் என்றால் எந்தத் தகப்பனுக்கு நித்திரை வரும். உன் ஆனந்தராசா மாமா பீலெஃபெல்ட்டில் எந்தக் கொண்டாட்டம் வந்தாலும் நாலு பேருக்கு முன்னால்தான் கேட்பார், "என்ன மச்சான், பெட்டையை எஞ்சினியருக்குப் படிப்பிச்சு அப்பிள் பிடுங்க விட்டிருக்கிறாய்" என்று. அவர் கேட்ட ஒவ்வொரு தடவையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, எந்த மண்டபம், எந்தப் பிள்ளையின் பிறந்தநாள் என்பது உட்பட. நான் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்து இரண்டாம் வருடத்தில் யுத்தத்தால் விட்டு வந்தவன். இங்கே ஓர் அலுவலகத்தில் மேசைக்கு அங்கால் இருந்தவர் என் சான்றிதழ்களை ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் திருப்பித் தள்ளினார். அந்தக் கையில் இருந்த மோதிரத்தைக்கூட நான் இன்னும் மறக்கவில்லை. எனக்குத் தராத கதிரையில் நீ இருப்பாய் என்று நினைத்துத்தான் முப்பது வருடம் தொழிற்சாலையில் இரும்பு கடைந்தேன். நீ எழும்பிப் போனது என்னை அவமதித்தது போலவே பட்டது.

ஆனால் முதல்நாள் காலையில் யன்னலைத் திறந்தபோது எனக்கு ஏசத் தோன்றவில்லை. மேலே மலைகளில் பனி விழுந்திருந்தது, கீழே பள்ளத்தாக்கு முழுக்க மரத்துக்கு மரம் சிவப்பு. பக்கத்து வீட்டு விறகுப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது, அவ்வளவு காற்றில்லாத காலை. நீ மரங்களுக்குக் கீழே வெள்ளித் தாள் விரித்திருந்தாய், நிலத்திலிருந்து வெளிச்சம் பட்டுப் பழத்தின் அடிப்பக்கமும் சிவக்கும் என்றாய். அதோடு விடாமல் ஒவ்வொரு பழமாகப் பிடித்து, நிழலில் இருந்த கன்னத்தை வெயிலுக்குக் காட்டித் திருப்பி வைத்தாய். ஒரு மரத்துக்கு எத்தனை நூறு பழம். காம்பு கழலாமல் திருப்பும் உன் விரல்களை நான் அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நின்றேன், நீ கவனிக்கவில்லை. இங்கே பையில் கட்டி விற்கும் அப்பிளைத்தான் நான் அப்பிள் என்று தின்று வந்திருக்கிறேன். நீ குறுக்கே வெட்டித் தந்ததில் நடுவில் தேன் ஊறினது போல மஞ்சளாகத் தெரிந்தது, கடித்ததும் சாறு முழங்கை வரைக்கும் வடிந்தது.

சாப்பாட்டையும் சொல்லத்தான் வேண்டும், அம்மா தினமும் கேட்கிறாள். உப்புக் கீரையை உள்ளே வைத்து அவித்து, பிறகு இரும்புத் தட்டில் வாட்டின அந்த உருண்டையை நான் கொழுக்கட்டை என்றே சொல்லிக்கொண்டு மூன்று தின்றேன். குளிர்ந்த தண்ணீரில் அலசின கறுத்த நூடில்ஸ் எப்படி இறங்கும் என்று யோசித்தேன், "சத்தம் போட்டு உறிஞ்சுங்கோ அப்பா, இஞ்சை அதுக்கொருத்தரும் முறைச்சுப் பாக்க மாட்டினம்" என்றாய். தொழிற்சாலைக் கன்ரீனில் கரண்டிச் சத்தம்கூடக் கேட்காமல் சாப்பிட்டுப் பழகினவன் அன்று உறிஞ்சின சத்தத்தில் கடைக்காரியே சிரித்தாள். விழுந்த அப்பிளில் நம்முடைய தூள் போட்டு, கடுகு தாளித்து நீ வைத்த கறியைக் குமாகாய் வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டு இரண்டாம் தரமும் கோப்பையை நீட்டினார்.

இனி அந்தச் செம்மஞ்சள் தக்காளி போலிருக்கும் காக்கிப் பழ விஷயம். இங்கே துருக்கிக் கடையில் விற்கும் இனிப்புக் காக்கியென்று நினைத்து வந்த அன்றே ஒன்றைக் கடித்து, பனிச்சங்காய் கடித்தவன் போல நாக்கு இழுத்துக்கொண்டு நின்றேன். அது உரித்துக் கயிற்றில் தொங்கவிட்டுக் காய வைக்கும் சாதி, காய்ந்தால்தான் கயர்ப்புப் போகும் என்று நீ பிறகு சொன்னாய். கயிறு கட்ட வசதியாகக் காம்போடு சிறு கிளைத்துண்டும் சேர்த்து வெட்டக் காட்டித் தந்தாய். நாலு நாள் உங்களோடு நின்று வெட்டினேன். ஐந்தாம் நாள் நீயும் குமாகாயும் பழப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு சங்கத்துக்குப் போன நேரம், வேலியோரத்து ஏழு மரங்களிலும் உச்சியில் இரண்டு மூன்று பழம் மிஞ்சியிருக்கக் கண்டேன். எட்டாமல் விட்டுவிட்டார்கள், சோம்பல் என்று நினைத்தேன். ஒரு காய் மிச்சம் விடாமல் பிடுங்குவதுதானே எங்களுக்குத் தெரிந்த கெட்டித்தனம். நீட்டுத் தடிக் கத்தரியால் பத்தொன்பதையும் ஒரு சிராய்ப்பில்லாமல் வெட்டிக் கூடையில் அடுக்கி, பாராட்டுவீர்கள் என்று வாசலில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

குமாகாய் கூடையைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார், குனிந்து நன்றி சொன்னார். நீதான் பாய்ந்தாய். "எங்கடை மரத்திலை ஆரைக் கேட்டுக் கை வைச்சனீங்கள்? அது குருவியளுக்கு விட்டது. அடுத்த வருசமும் காய்க்க வேணுமெண்டு கடைசிப் பழத்தை மரத்துக்கே விடுறவை. ஊரெல்லாம் இப்ப மொட்டை மரத்தைப் பாக்கப்போகுது!" என்றாய். எனக்கும் ஏறிவிட்டது, "முதலே சொல்லியிருக்கலாமெல்லே, நானென்ன சாத்திரக்காரனே" என்று கத்தினேன். குமாகாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மூன்றுகால் ஏணியையும் நூல்பந்தையும் எடுத்து வந்து ஏதோ சொன்னார், நீ கோபத்தோடேயே மொழிபெயர்த்தாய், "அப்பா வடிவாய்க் காம்பு விட்டு வெட்டியிருக்கிறாராம், திருப்பிக் கட்டுறது லேசாம். குருவி முடிச்சைப் பாக்காதாம்." நான் ஏணியைப் பிடிக்க, நீ மேலே நின்று கட்ட, அவர் கீழே நின்று இடப்பக்கம், வலப்பக்கம் என்று கை காட்ட, இருட்டுவதற்குள் பத்தொன்பதும் மரத்துக்குத் திரும்பிப் போயின. விடியவே சாம்பல் குருவி ஒன்று வந்து கொத்தியது. குமாகாய் என் தோளில் தட்டிக் காட்டினார்.

பஸ் ஏறின அன்று நான் உன்னோடு முகம் கொடுத்துப் பேசாததற்குக் காரணம் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். விமானத்தில் பதின்மூன்று மணித்தியாலமும் நீ ஏசினதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். விருந்தாளி அப்படி ஏசமாட்டாள், வீட்டுக்காரிதான் ஏசுவாள். நான் இந்த நாட்டில் முப்பத்துமூன்று வருடமாக விருந்தாளி. மேசைக்காரர் கடதாசியைத் தள்ளினபோதும் வாய் திறக்கவில்லை, எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் புளிக்க விட்டேன், அதை நீ சின்ன வயதிலிருந்தே கண்டவள். ஒரு மரத்துக்காக, சொந்தத் தகப்பன் என்றும் பாராமல், வெளிப்படையாகக் கோபிக்க உனக்கு ஓர் இடம் இருக்கிறது. எனக்கு அது வாய்க்கவில்லை. பொறாமையாகவும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனந்தராசா மாமா போன் எடுத்து, "எப்பிடி மச்சான், பெட்டை நல்லாப் பிடுங்குறாளோ" என்றார். "அவளுக்கு எதைப் பிடுங்கக் கூடாதெண்டும் தெரியும் மச்சான், நான்தான் தெரியாமல் ஏச்சு வாங்கினனான்" என்றேன். பக்கத்தில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இன்னும் ஒன்று. உன் பெயர் இன்னும் இந்த வீட்டு முகவரியில்தான் பதிவாகி இருக்கிறது. அதை எடுத்துவிடச் சொல்லி நீ கேட்ட நேரமெல்லாம் நகரசபையில் டெர்மீன் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அது பொய், நான் போகவே இல்லை. போன செவ்வாய்க்கிழமை போனேன். அப்மெல்டுங் படிவம் இத்துடன் இருக்கிறது. இந்த ஊரைவிட்டுப் போகிறாய் என்று எழுதிக் கொடுக்கும் கடதாசி அது, என்னால் நிரப்ப ஏலுமென்று நான் நினைத்திருக்கவில்லை. புதிய முகவரி என்ற கட்டத்தில் உன் மலையூரின் பெயரை, இரண்டு படிவம் வீணாகி, மூன்றாவதில் பிழையில்லாமல் என் கையால் எழுதியிருக்கிறேன். கையெழுத்து மட்டும்தான் நீ போட வேண்டும்.

குமாகாய்க்கு என் வணக்கத்தைச் சொல். நீ நட்டதும் காய்க்க வேண்டும், நீயும் நல்லாக இருக்க வேண்டும், நல்லூரான் துணை நிற்பான். ஏணியில் ஈரச் சப்பாத்தோடு ஏறாதே. கையெழுத்தை நீல மையில் போடு, கறுப்பென்றால் பிரதி என்று நினைப்பார்கள்.

உன் அப்பா,
யோகலிங்கம்